பீடத்தில் ஏறியவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?



'சீர்திருத்தத் திருச்சபைகளின் பிரசங்கங்களில் சமூக அறம்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இப்படியொரு தலைப்பில் பேச வருகிறவருக்கு இரண்டு வழிகள் எப்போதும் திறந்திருக்கும். தீர்க்கதரிசிகளைப்போல் முழங்கிய பெரியவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நீங்களும் அவர்களைப்போல் ஆகுங்கள் என்று வாழ்த்தி அமர்வது ஒன்று. இன்றைய போதகர்களுக்கு முதுகெலும்பில்லை என்று சாடிவிட்டுப் போவது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டுமே பிரசங்கத்தைத் தனியொருவரின் துணிச்சலாகச் சுருக்கிவிடுகின்றன. துணிந்தவர் புனிதர், துணியாதவர் கோழை என்று தீர்ப்பெழுதிவிட்டால் சபையார் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

அந்த நிம்மதியைத்தான் இன்று நான் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன். ஒரு போதகர் பீடத்தில் ஏறி சமூக அநீதியைப் பற்றி எதைச் சொல்கிறார், எதை விழுங்குகிறார் என்பதில் அவருடைய மனச்சாட்சிக்குப் பங்குண்டு. அதைவிடப் பெரிய பங்கு வேறு சில கேள்விகளுக்கு உண்டு. அவரை நியமித்தது யார்? சம்பளம் எங்கிருந்து வருகிறது? அவரை இடம் மாற்றுகிறவர் யார்? அன்றைய வசனத்தைத் தேர்ந்தது யார்? அடி விழுந்தால் அருகில் வந்து நிற்பது யார்? பீடத்தின் மௌனத்தைச் சபை கூடியே உண்டாக்குகிறது; பேச்சையும் அப்படித்தான் உண்டாக்க முடியும் என்பது என் வாதம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நம் வேப்பேரியிலும் நடந்தவற்றைக் கொண்டு இதை உங்கள் முன் வைக்கிறேன்.

1. லிட்டில் ராக், 1957

பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. மூன்றாண்டு கழித்து, ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில், வெள்ளை மாணவர்கள் மட்டுமே படித்துவந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் போக வேண்டியிருந்தது. ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் மாநிலப் படையை அனுப்பி வாசலை மறித்தார். செப்டம்பர் 4 காலை, வெறிபிடித்த கூட்டம் கூச்சலிட, பிள்ளைகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகே, செப்டம்பர் 25 அன்று, அவர்களால் பாதுகாப்போடு வகுப்புகளுக்குப் போக முடிந்தது.

அந்த நகரம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் நகரம். கூச்சலிட்டவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். அந்த ஞாயிறுகளில் அவர்கள் என்ன கேட்டார்கள்?

இந்தக் கேள்வியோடு எர்னஸ்ட் கேம்ப்பெல், தாமஸ் பெட்டிக்ரூ என்ற இரண்டு சமூகவியலாளர்கள் லிட்டில் ராக்குக்குப் போனார்கள். வெள்ளையினப் போதகர்கள் 29 பேரைச் சந்தித்து நீண்ட நேரம் பேசினார்கள். அவர்கள் கண்டது இது: பிரிவினையை ஆதரித்தவர்கள் 5 பேர். அதை எதிர்த்து வெளிப்படையாகச் செயல்பட்டவர்கள் 8 பேர். மீதமுள்ள 16 பேர் பிரிவினை தவறு என்று உள்ளுக்குள் நம்பியவர்கள். ஆனால் அந்த நம்பிக்கையைச் செயலில் காட்டாதவர்கள். 1959இல் இந்த ஆய்வு நூலாக வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பிரசங்கக் கலை கற்பிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் வைக்கப்பட வேண்டிய நூல் என்பேன்.

அந்தப் பதினாறு பேர் வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேசினார்கள். பேசியும் பேசாமலிருப்பதற்குச் சில உத்திகளைக் கையாண்டார்கள். ஆய்வாளர்கள் அவற்றுக்குப் பெயரே சூட்டியிருக்கிறார்கள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆழத்துக்குப் போவது. இனப் பிரச்சினை மேலோட்டமானது, அதற்கு வேர் மனித இதயத்தில் இருக்கிறது, ஆகவே அன்பைப் பற்றியும் தாழ்மையைப் பற்றியும் பேசுவோம் என்று தொடங்குவது. பள்ளி என்ற சொல்லோ, கறுப்பினத்தவர் என்ற சொல்லோ பிரசங்கம் முடியும்வரை வராது. பீடத்தில் நிற்பவர் கடமையை முடித்த நிறைவோடு இறங்குவார். கீழே இருப்பவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் போதகர் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இரண்டாவது, தன்னை அமெரிக்கத் தென்னாட்டின் சொந்தப் பிள்ளையாகக் காட்டிக்கொள்வது. என் பாட்டன் பூட்டன் எல்லாரும் இந்த மண்ணில்தான் வாழ்ந்தார்கள், வடக்கத்தியர் நமக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று முன்னுரையிலேயே உறுதி கொடுத்துவிட்டு, அதன் பிறகு மெல்ல, ஆனாலும் நாம் நியாயமாக நடக்க வேண்டாமா என்று ஒரு வரி. முன்னுரை காதில் தங்கிவிடும், அந்த ஒரு வரி தங்காது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்பது சீர்திருத்தத்தின் அடித்தளக் கோட்பாடு. கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே தரகர் வேண்டாம், ஒவ்வொருவரும் அவர் முன் நேரடியாக நின்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன கோட்பாடு அது. லிட்டில் ராக்கில் அது தலைகீழாயிற்று. பிரிவினை பற்றி என் கருத்து இது. ஆனால் நாம் சீர்திருத்தத் திருச்சபையினர், அவரவர் மனச்சாட்சிப்படி முடிவெடுக்க உரிமையுள்ளவர்கள், நான் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டுமென்பதில்லை என்று போதகர் முடித்தார். தப்பிக்க இடமில்லாதபடி மனிதனைக் கடவுள் முன் நிறுத்திய கோட்பாடு, தப்பிப் போவதற்கான வாசலாகிவிட்டது. லூத்தரின் பெயரால் இதைச் செய்ய முடிந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஏன் இப்படி? அந்தப் பதினாறு பேரும் கோழைகளா? ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஒரு போதகருடைய வெற்றி எதனால் அளக்கப்பட்டது என்று பார்த்தார்கள். எத்தனை உறுப்பினர்கள் கூடினார்கள், காணிக்கை எவ்வளவு உயர்ந்தது, புதுக் கட்டடம் எழும்பியதா என்பவற்றால். சபையைப் பிளக்காமல் வைத்திருப்பவர் நல்ல மேய்ப்பர். மேலிடங்களோ அழகான தீர்மானங்களை முன்பே நிறைவேற்றியிருந்தன. தென்னாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் சபையின் பொதுப் பேரவை 1954லேயே பிரிவினையைக் கண்டித்தது. தென்னாட்டு பாப்டிஸ்ட் பேரவையும் அதே ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பை ஆதரித்தது. அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் தனியாக நின்றவர் போதகர். தீர்மானத்தின்படி நடந்தவருக்குப் பதவி உயரவில்லை. நடக்காதவரை யாரும் கேள்வி கேட்கவுமில்லை.

பிரிவினையை ஆதரித்தவர்களோ தயங்கவேயில்லை. நகரின் பிரிவினைவாத அமைப்பான தலைநகரக் குடிமக்கள் மன்றத்தின் முன்னணித் தலைவர் வெஸ்லி புரூடன் ஒரு பாப்டிஸ்ட் போதகர். அத்தகையோர் பெயர் சொல்லிப் பேசினார்கள், நாள் குறித்துப் பேசினார்கள், ஏனென்றால் அவர்களுடைய சபை அவர்களோடு நின்றது. அக்டோபர் 12 அன்று நகரின் பெரிய சபைகள் கூடிச் சிறப்பு ஜெபம் நடத்தின. எதற்காக ஜெபித்தார்கள் தெரியுமா? சட்டம் ஒழுங்குக்காக, சமாதானத்துக்காக. பிரிவினை பாவம் என்ற அறிக்கையாக அந்த நாள் அமையவில்லை. நல்லெண்ணம் கொண்டவர்கள் பொதுப்படையாகப் பேசினார்கள், கெட்ட எண்ணம் கொண்டவர்கள் குறிப்பாகப் பேசினார்கள். பொதுப் பேச்சுக்கும் குறிப்பான பேச்சுக்கும் போட்டி வந்தால் மக்கள் மனதில் எது தைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செப்டம்பர் 4 காலையில் மாணவர்களோடு நடந்துபோன ஒரு வெள்ளையினப் போதகரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நகரப் போதகர் சங்கத்தின் தலைவர், பிரெஸ்பிட்டேரியன் போதகர் டன்பார் ஆக்டன். கறுப்பினத் தலைவி டெய்சி பேட்ஸ் முந்தின நாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகளோடு நடக்கப் போதகர்கள் சிலரைத் திரட்ட முடியுமா என்று கேட்டார். ஆக்டன் தம் சகாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். மிகச் சிலரே இசைந்தார்கள். காலையில் தாமே புறப்பட்டுப் போனார். அடுத்த ஆண்டே அவர் அந்தச் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

2. மிசிசிப்பியின் இருபத்தெட்டுப் பேர்

தனியாக நின்றால் வீழ்த்திவிடுவார்கள் என்பதை உணர்ந்த இளம் போதகர்கள் பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் வேறொரு வழியை முயன்றார்கள். 1962 இறுதியில், மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் சேர்ந்ததை எதிர்த்துக் கலவரம் நடந்து முடிந்த சூட்டில், 28 மெதடிஸ்ட் போதகர்கள் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1963 ஜனவரி 2 அன்று தங்கள் சபைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

அந்த அறிக்கை முதலில் கேட்டது பீடத்தின் சுதந்திரத்தை. அதற்குப் பிறகே இனப் பாகுபாட்டுக்குக் கண்டனமும், பொதுப் பள்ளிகளை மூடும் திட்டத்துக்கு எதிர்ப்பும் வருகின்றன. எந்தப் பிணியை முதலில் தீர்க்க வேண்டும் என்று அந்த இளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது.

மெதடிஸ்ட் முறையில் போதகரைச் சபை நியமிப்பதில்லை, பேராயரே நியமித்து அனுப்புகிறார். உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் கைக்குள் போதகர் அகப்படாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று ஏட்டில் படித்தால் தோன்றும். ஆனால் அந்த 28 பேருக்கு ஆதரவாகப் பேராயர் உறுதியாக நிற்கவில்லை. பலரைச் சபைகள் வெளியேற்றின, மிரட்டல்கள் வந்தன, பெரும்பாலோர் அந்த மாநிலத்தையே விட்டுப் போனார்கள். நம் திருமண்டலங்களிலும் இதே நியமன முறைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முறை நல்லதாக இருந்தாலும், நாற்காலியில் இருப்பவர் அசையாவிட்டால் அது போதகரைக் காப்பாற்றாது.

3. ஓபர்லென்னிங்கன், 1938 நவம்பர் 16

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் ஒரு சிற்றூர் ஓபர்லென்னிங்கன். 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் நாடு முழுவதும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன, ஆயிரக்கணக்கான ஆண்கள் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து வந்தது மனந்திரும்புதலின் நாள். ஜெர்மன் சீர்திருத்தத் திருச்சபைகள் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு புதன்கிழமையை இதற்கென ஒதுக்கியிருந்தன.

அந்த நாளுக்கென்று போதகர் ஜூலியஸ் ஃபான் யானுக்கு வந்த வசனம் எரேமியா 22:29. தேசத்தை மூன்று முறை விளித்து, கர்த்தருடைய வார்த்தையைக் கேள் என்று தீர்க்கதரிசி அழைக்கும் இடம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அரசனுடைய வீட்டுக்குப் போ, பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுமை செய்யாதே என்று அவனிடம் சொல் என எரேமியா அனுப்பப்படுகிறார். திருச்சபைப் பஞ்சாங்கம் அவர் கையில் வைத்த வசனம் அது. அதைத் தவிர்க்க வேண்டுமானால், தவிர்க்கிறோம் என்று தெரிந்தே தவிர்க்க வேண்டியிருந்திருக்கும்.

ஃபான் யான் தவிர்க்கவில்லை. அந்த வன்முறைக்குச் சாக்காகக் காட்டப்பட்ட கொலையிலிருந்தே தொடங்கினார். பாரிஸில் ஒரு கொலை நடந்தது, கொலையாளிக்குத் தண்டனை கிடைக்கும். ஆனால் அந்த ஒரு குற்றம் நம் நாட்டில் இத்தனை குற்றங்களைக் கிளப்பிவிடும் என்று யார் நினைத்தது என்று கேட்டார். தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டதைச் சொன்னார். பிறர் உடைமை கொள்ளை போனதைச் சொன்னார். இந்த நாட்டுக்கு உண்மையாக உழைத்தவர்கள் வேறு இனத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக முகாமில் அடைக்கப்பட்டதைச் சொன்னார். எரேமியாவைப்போல் பேச வேண்டிய மனிதர்கள் எங்கே என்று கேட்டு, அவர்களும் முகாமில் இருக்கிறார்கள், அல்லது வாயடைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பதில் சொன்னார். இறுதியில், பேசவே முடியாது என்றிருந்த இந்தக் குற்றத்தை இன்று அறிக்கையிட்டதால் தம் நெஞ்சிலிருந்து பெரும்பாரம் இறங்கியதாகச் சொன்னார். எரிந்த கூடத்தையும் சூறையான கடையையும் அந்த வாரத்து நிகழ்ச்சிகளாகவே பெயர் சொல்லி வைத்தார். லிட்டில் ராக்கின் பதினாறு பேரும் தேடிப்போன 'ஆழம்' இந்தப் பிரசங்கத்தில் எங்குமில்லை.

ஒன்பது நாள் கழித்து வெளியூரிலிருந்து கும்பலொன்று வந்தது. பக்கத்து ஊரில் வேதபாட வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவரை இழுத்து வந்து அடித்தார்கள், ஒரு கொட்டகைக் கூரையின் மேல் தூக்கியெறிந்தார்கள். யூதர்களின் அடிமை என்று அவர் வீட்டில் எழுதி வைத்தார்கள். பிறகு சிறை. ஓராண்டு கழித்து, 1939 நவம்பரில், ஸ்டுட்கார்ட் சிறப்பு நீதிமன்றம் 16 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பயன்படுத்திய சட்டங்களில் ஒன்று, பீடத்திலிருந்து அரசியல் பேசும் குருமாரைத் தண்டிக்க 1871இல், பிஸ்மார்க் காலத்தில் இயற்றப்பட்டது. ஹிட்லர் புதிதாக எழுதத் தேவைப்படாத சட்டம். மேற்கு ஜெர்மனி 1953இல்தான் அதை நீக்கியது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள்? அவருடைய பேராயர் தியோஃபில் வூர்ம் சாதாரணமானவர் இல்லை; நாஜிகளால் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர். போதகர் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து நீதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், யூதரை ஆபத்தான கூறாகக் கருதி எதிர்க்க அரசுக்குள்ள உரிமையைத் தாம் மறுக்கவில்லை என்றும் எழுதினார். நாட்டு நடப்பு ஒன்றைச் சுட்டிக் குறைகூறுவதுபோல் பிரசங்கிக்காதீர்கள் என்று திருச்சபை அலுவலகம் மற்றப் போதகர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வழக்கறிஞர் உதவி கிடைத்தது. வார்த்தையின் துணை கிடைக்கவில்லை. அந்தச் சுற்றறிக்கை எத்தனை பீடங்களின் வாயை அடைத்திருக்கும்!

போருக்குப் பிறகு, 1945 அக்டோபரில், ஜெர்மன் சீர்திருத்தத் திருச்சபைத் தலைவர்கள் ஸ்டுட்கார்ட்டில் கூடித் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டார்கள். கையெழுத்திட்டவர்களில் வூர்மும் ஒருவர். இன்னும் துணிவோடு அறிக்கையிடவில்லை, இன்னும் உண்மையோடு ஜெபிக்கவில்லை என்று வருந்தும் அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல் கிடையாது. ஏழாண்டு முன்பு ஒரு சிற்றூர்ப் போதகர் பெயர் சொல்லிப் பேசியதை, எல்லாம் முடிந்த பிறகும் தலைவர்களால் பெயர் சொல்லிப் பேச முடியவில்லை.

4. வேப்பேரியும் தஞ்சையும்

நம் நாட்டுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கிய நாளிலிருந்து தமிழ்ச் சீர்திருத்தச் சபைக்குள் சாதி இருக்கிறது. 1718இல் அங்கே கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் இருந்தது. முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். பறையர் குலத்தில் பிறந்த ராஜநாயக்கன் சிறந்த உபதேசியாராக உழைத்தும், வேளாளக் கிறிஸ்தவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற அச்சத்தால் பட்டம் பெறவில்லை. தஞ்சையில் பெரும்பேர் பெற்ற சுவார்ட்ஸ் ஐயரும் தனித்தனி இருக்கையைப் பொறுத்துக்கொண்டார்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்றது கடிதம். சேர்ந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும். அதன் உள்ளடக்கத்தில் எனக்கு ஒரு எழுத்துக்கூட மறுப்பில்லை. வேப்பேரியில் வாசிக்கப்பட்டபோது ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சையில் உபதேசியார்களிலேயே பலர் விலகினார்கள். பின்னர் வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையாக நடந்தபோது, விலகியவர்களில் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. 1850இல் சென்னையில் மிஷனரிகள் கூடிச் சாதியைக் கண்டித்துத் தீர்மானம் எழுதியபோதும் லைப்சிக் மிஷன் சேரவில்லை.

சரியான வார்த்தை ஏன் இப்படித் தோற்றது? மேல்சாதிக் கிறிஸ்தவர்களின் பிடிவாதம் முதற்காரணம். அதை மழுப்பக் கூடாது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. வில்சனின் கடிதத்துக்கு முன்பே, 1820களில், தஞ்சையின் இளைய மிஷனரிகள் சாதியோடு சேர்த்துத் தமிழிசையையும், திருமணத்தில் பூ அணிவதையும், சபை பழகிய வேத மொழிபெயர்ப்பையும் மாற்றப் புறப்பட்டார்கள். சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சபையின் பெருங்கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், இவை அனைத்தையும் ஒரே கொடுமையாக எழுதி எதிர்த்தார். 1829இல் தம் பதவியையும் இழந்தார். பூவும் பாட்டும் சாதியும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டதால், சாதியைக் காக்க நினைத்தவர்களுக்குப் பண்பாட்டைக் காக்கும் பெருமை கிடைத்துவிட்டது. சாஸ்திரியாரின் பாடல்களை நெஞ்சில் வைத்திருக்கும் நமக்கு, சாதி விஷயத்தில் அவர் நின்ற பக்கம் தவறு என்று சொல்வது வலிக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சச்சரவில், சாதியின் பெயரால் தனியாக உட்காரவைக்கப்பட்ட ஒடுக்கப்பட்டவர்களின் குரல் எங்கே? பேராயர் பேசுகிறார், மிஷனரி பேசுகிறார், வேளாளக் கவிஞர் பேசுகிறார். யாருக்காகப் பேசப்பட்டதோ அவர்கள் பேசுவதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் உருப்பெறத் தொடங்கியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டையே திருப்பி எழுதினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை அவர் நற்கருணையின் பொருளாக வைத்தார். அந்த விருந்து சபையார் தாங்களே சமைத்துத் தாங்களே பரிமாறுவது. கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த கட்டளை போன்றதில்லை.

5. நம் ஞாயிறுகள்

இன்று நம் திருமண்டலப் பஞ்சாங்கத்தில் குறை இல்லை. கல்வி ஞாயிறு உண்டு, பெண்கள் ஞாயிறு உண்டு, சுற்றுச்சூழல் ஞாயிறு உண்டு, தலித் விடுதலை ஞாயிறும் உண்டு. அந்த ஞாயிறுகளில் பேசப்படுவதைக் கவனித்துக் கேட்டுவருகிறேன். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கும் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைப் பற்றிப் போதகர்கள் உறுதியாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான், 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கிடைத்தது இவர்களுக்கு மறுக்கப்படுவது அநீதி. ஆனால் அந்தப் பாவத்தின் முகவரி டெல்லி. கேட்கிற எல்லாரும் ஆமென் சொல்லலாம்.

அதே ஆராதனையில், பிரசங்கத்துக்கு முன்போ பின்போ, கல்யாண ஓலை வாசிக்கப்படுகிறது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். சபையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு குடும்பங்களின் சாதி தெரியும், பேசிய நகைக் கணக்கும் பெரும்பாலும் தெரியும். 'சி.எஸ்.ஐ. நாடார் மணமகள் தேவை' என்று அதே வாரப் பத்திரிகையில் அச்சாகியிருக்கும். எந்தப் போதகரும் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பற்றித்தான் இன்று நான் பேசினேன் என்று சொல்வதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். குருவானவர் வீட்டில் வளர்ந்தவள் நான். மே மாதம் வந்தால் பார்சனேஜ் வாசலில் லாரி வந்து நிற்பதும், பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு அம்மா அலைவதும் என் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி. சேகரக் கமிட்டியில் நான்கு பேர் பேராயர் அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுத்தால் போதும். திருமண்டலத் தேர்தல் ஆண்டாக இருந்தால் மனுவின் எடை கூடும். இப்படி மாறிப்போன ஒரு போதகரைச் சபையார் கண்ணீரோடு வழியனுப்புவார்கள், மாலை போடுவார்கள், நினைவுப் பரிசு கொடுப்பார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

6. செய்யக்கூடியவை

முதலாவது, வசனத்தைப் போதகரே தேர்ந்தெடுக்கும் சுமையை இறக்குங்கள். ஃபான் யானுக்கு வசனம் வெளியிலிருந்து வந்தது என்பதை நினைவில் வையுங்கள். தானே தேர்ந்தெடுத்தால், ஐயர் யாரையோ குத்துகிறார் என்ற பேச்சு எழும். பஞ்சாங்கத்தின் வசனமென்றால் அந்தப் பேச்சுக்குப் பிடிமானம் குறைகிறது. நம் பஞ்சாங்கத்தைத் தயாரிக்கும் குழு ஆமோஸையும் யாக்கோபையும் எளிதான ஞாயிறுகளில் புதைக்காமல், கல்யாண மாதங்களில் வைக்கட்டும்.

இரண்டாவது, ஒரு வட்டாரத்தின் குருவானவர்கள் மாதந்தோறும் கூடுகிறார்கள். ஆண்டில் ஒரு ஞாயிறாவது, வரதட்சணையைப் பற்றியோ கல்லறைத் தோட்டத்தின் தனித்தனி வரிசைகளைப் பற்றியோ, ஒரே வசனத்தைச் சேர்ந்து படித்து, அந்த வட்டாரத்தின் எல்லாப் பீடங்களிலும் ஒரே நாளில் பேசட்டும். மிசிசிப்பியின் இருபத்தெட்டுப் பேரைப் பின்னால் நின்று தாங்க யாரும் இல்லை. நம்மிடம் அதற்கென்று மன்றங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, இந்தக் கூடத்தில் திருமண்டலச் செயற்குழு உறுப்பினர்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஒரு பிரசங்கத்தைக் குறித்துப் புகார் வந்தால், அந்தப் பிரசங்கத்தின் முழு எழுத்து வடிவத்தோடுதான் அது ஏற்கப்பட வேண்டும். புகார் கொடுத்தவரும் போதகரும் ஒரே மேசையில் அமர்ந்து விசாரிக்கப்பட வேண்டும். அந்த விசாரணை முடிந்து ஓராண்டுக்குள் அந்தப் போதகர் இடமாற்றம் செய்யப்படக் கூடாது. இந்த மூன்று வரியையும் தீர்மானமாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பெருமன்றத்தில் முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் தேவை. கூட்டம் முடிந்ததும் முன்வரிசையில் இருப்பேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் வந்து பாருங்கள்.